உப்பு கரைந்த நாள்

எப்சி தினமும் பள்ளிக்கு நெல்லிக்காய் கொண்டுவருவாள். ரைஹானத் அதற்கு உப்பு கொண்டுவருவாள். நேற்று ரைஹானத் மறந்துவிட்டாள். வெறும் நெல்லிக்காயைத் தின்று முகத்தைச் சுளித்த எப்சி, 'காய்' விட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். இதற்கெல்லாமா சண்டை என்று கேட்காதீர்கள். ஏழாம் வகுப்பில் இதைவிடச் சின்னதுக்கும் சண்டை வரும்.

சமாதானப் பேச்சை எப்படித் தொடங்குவது? ரைஹானத்துக்குப் புரியவே இல்லை.

அறிவியல் பாட நேரத்தில் ஞானசௌந்தரி டீச்சர் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார்.

"ரைஹானத், நீ சோடியம். எப்சி, நீ குளோரின். ரெண்டு பேரும் இங்கன வந்து கையைப் பிடிங்க. நீங்கதான் உப்பு!"

"டீச்சர், நாங்க காய்" என்றாள் எப்சி.

"உப்புக்கு ஏதுட்டி காயும் பழமும்? பிடி!"

எப்சி வேண்டாவெறுப்பாக விரல்நுனியை நீட்டினாள். ரைஹானத்துக்கு அதுவே பெரிய சந்தோஷம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் டீச்சர் குரல் கொடுத்தார்.

"தண்ணியெல்லாம் வாங்க! பைய, இடிக்காம!"

மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் தண்ணீர். கும்பலாக வந்து கைகளைப் பிரித்து, ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கு பார்த்தாலும் பச்சைச் சீருடை. எப்சியைக் காணோம்.

"உப்பு கரைஞ்சிட்டு!" என்று டீச்சர் கைதட்டினார்.

ரைஹானத் கும்பலுக்கு மேலே எம்பிப் பார்த்தாள். "அப்ப உப்பு போயிட்டா டீச்சர்?"

"எங்க போவும்? தண்ணிக்குள்ளதான் இருக்கு."

"மறுபடி எப்படிச் சேரும்?"

"நீதான சோடியம்? யோசி."

சோடியமான அவள் முதலில் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தாள். தண்ணீர் சிரித்துக்கொண்டே திருப்பித் தள்ளியது. மணி அடித்துவிட்டால் எப்சி பேசாமலே போய்விடுவாளே! ரைஹானத்துக்கு அழுகை வந்தது. வெயில் வேறு உச்சந்தலையைச் சுட்டது.

வெயில்! காயல்பட்டினத்து மாமி வீட்டுக்கு ரயிலில் போகும்போது பார்த்த உப்பளங்கள் அவள் நினைவுக்கு வந்தன. பாத்தித் தண்ணீர் வெயிலில் வற்றியதும் அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்குமே!

"வெயில் அடிக்குது!" என்று கத்தினாள். "தண்ணியெல்லாம் ஆவியாகுங்க! வேப்பமரத்தடிக்கு ஓடுங்க!"

நிழல் என்றால் தண்ணீருக்குச் சொல்லவா வேண்டும்? ஒரே ஓட்டம். ஒரு கணம் விழித்த டீச்சரும் விஷயம் புரிந்து சிரித்தார்.

மைதானத்தில் மிஞ்சியது இரண்டே பேர். ரைஹானத் ஓடிப்போய் எப்சியின் கையைப் பிடித்தாள்.

"தப்பு என்மேலதான். நாளைக்கு மறக்காம உப்பு கொண்டாருதேன்."

எப்சி இந்த முறை விரல்நுனியோடு நிறுத்தவில்லை. கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"கூட மொளகாப்பொடியும் கொண்டா" என்றாள்.