முதுகைக் காட்டி நின்றவன்

"அதைத் தட்டாதீங்க. தட்டினா சரியாகும்னா என் வேலை எப்பவோ போயிருக்கும்."

அச்சறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே, தாள்கட்டுகளைக் கைமாற்றுவதற்கென்று ஒரு சின்ன ஜன்னல். குரல் அங்கேயிருந்து வந்தது. பிரிண்டரின் மண்டையில் இன்னொரு போடு போட ஓங்கிய கையோடு அவள் திரும்பினாள். மழையில் நனைந்த தலை... சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இரண்டு கண்கள். நல்ல கண்கள்தான். ஆனால் மணி பன்னிரண்டு பத்து. நல்ல கண்களைப் பார்க்கிற நேரமா இது?

யார் நீங்கள் என்று வெடுக்கென்று கேட்டாள். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன் என்றான். அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். போகலாம், ஆனால் நீங்கள் போட்ட போடு தாழ்வாரம் வரைக்கும் கேட்டதே, மெஷினுக்கு முதலுதவி செய்யலாமே என்று வந்தேன் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்குத் தேர்வு. பார்வையில்லாத பதினான்கு பேர் எழுதுகிறார்கள். விரலால் தொட்டுப் படிக்கிற பிரெய்ல் புள்ளிகளில் வினாத்தாள் அச்சாக வேண்டும். நேற்று மாலைவரை ஒழுங்காக ஓடிய பிரெய்ல் பிரிண்டர் இன்றைக்குக் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரோ, அப்படியொரு பிரிண்டரை ஜென்மத்தில் பார்த்ததே இல்லை என்று சாதித்தது. தாள் வராவிட்டால் இந்த மையத்தில் தேர்வு ரத்து. இனி அடுத்த வருடம்தான்.

காரணம் அவளுக்குத் தெரியும்.

காலையில் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி... அப்டேட் காத்திருக்கிறதாம். சிவப்புப் புள்ளியைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. அலுவலகத்தில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தது சும்மாவா? அமுக்கிவிட்டாள். தேர்வு வாரத்தில் எந்த மெஷினிலும் எதையும் மாற்றக்கூடாது என்ற சுற்றறிக்கை அவள் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. தட்டச்சு செய்து ஒட்டியவளும் அவளே. தேர்வுக் கண்காணிப்பாளர் வந்து கேட்டபோது, "தானா அப்டேட் ஆயிடுச்சு சார்" என்று சொல்லியும் ஆகிவிட்டது.

கண்காணிப்பாளருக்கு இப்போது யார் உதவினாலும் சரி. கதவைத் திறந்து, உள்ளே வாங்க தம்பி என்றார். அவன் ஓர் அடி பின்னால் போனான்.

"நான் வரக்கூடாது சார். அந்தப் பதினாலு பேர்ல எங்க அக்காவும் ஒருத்தி. வினாத்தாள் இருக்கிற அறைக்குள்ள நான் கால் வைக்கலாமா?"

விதிப்புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிற மனிதர் அவர். உண்மையைச் சொன்னால், அவனை முதலில் காதலித்தது கண்காணிப்பாளர்தான்.

தீர்ப்பு இப்படி ஆயிற்று. அவன் ஜன்னலுக்கு வெளியே, முதுகைக் காட்டி நிற்பான். திரையைப் பார்க்கக்கூடாது. அவள் வாசித்துச் சொல்ல வேண்டும், அவன் சொல்வதைத் தட்ட வேண்டும். நடுவில் கண்காணிப்பாளர், சுவர்க்கடிகாரம் மாதிரி.

"அக்காவுக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுதுங்க," என்றான், தெருவைப் பார்த்துக்கொண்டே. "அதனால மெதுவாத் தட்டுங்க. தப்பில்லாம."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பிரிண்டரை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர், அப்டேட்டில் வந்த புது டிரைவர் இந்தப் பழைய பிரிண்டரைக் கைவிட்டிருக்கும், பழையதையே திரும்ப இறக்கிவிட்டால் போதும் என்று விளக்கினான். தேர்வு என்பதால் பதினொரு மணியோடு இன்டர்நெட் துண்டிப்பு. ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ், பழைய மென்பொருள் பொதிகளை உடனே தூக்கி எறியாமல் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கும். அந்த மூலை எங்கே என்று சொன்னான். அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள்... ஏழாவது வரியில் இருந்தது. போன மாதத்து டிரைவர். மூச்சு வந்தது.

கட்டளையைத் தட்டினாள். மெஷின் முறைத்தது. கூடவே அப்டேட் ஆன இன்னொரு பொதி, பழையதோடு ஒட்டமாட்டேன் என்கிறதாம்.

"சம்பந்தி சண்டை," என்றான் முதுகுக்காரன். "ஒருத்தரை மட்டும் கூப்பிட்டா இன்னொருத்தர் கோவிச்சுக்குவாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் இறக்கணும். அவரோட பழைய பொதியும் அங்க இருக்கா பாருங்க."

அவள் பதற்றத்தில் ஓர் எழுத்தை விட்டாள். மறுபடி தட்டினாள். மறுபடியும் விட்டாள். அவன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, எழுத்தெழுத்தாகச் சொன்னான். மணி ஒன்றைத் தொட்டது. பதினான்கு தாளும் அச்சாக ஐம்பது நிமிடம் ஆகும்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இது தானா அப்டேட் ஆச்சா, யாராவது அமுக்கினாங்களா? தானா ஆச்சுன்னா, உள்ள இறங்கிக் கிடக்கிற புதுசை அச்சாகும்போதே திரும்பவும் ஏத்திக்கும். அதை முதல்ல தேடி நிறுத்தணும். இருபது நிமிஷமாவது ஆகும்."

இருபது நிமிடம் எங்கே இருக்கிறது?

பக்கத்தில் கண்காணிப்பாளர். தலைக்கு மேல் சுற்றறிக்கை. எதிரே அந்த முதுகு... ஈர முடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் காலருக்குள் போனது. திரும்பிப் பார்க்காத ஒருவனிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள். எவ்வளவு கேவலம் என்றும்.

"நான்தான் அமுக்கினேன்."

கண்காணிப்பாளரின் கண்ணாடி மெல்ல அவள் பக்கம் திரும்பியது. முதுகு திரும்பவில்லை.

"ரொம்ப நல்லதுங்க," என்றது குரல். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "அப்போ இருபது நிமிஷம் நம்ம கையில. ரெண்டையும் ஒரே வரியில தட்டுங்க."

தட்டினாள். பழையதற்கு இறங்கட்டுமா என்று மெஷின் கேட்டது. இறங்கு சாமி, இறங்கு... இனி இந்த இரண்டையும் தொடாதே என்று பூட்டுப் போட இன்னொரு வரி. பிரிண்டர் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டாள்.

ஒன்றும் இல்லை. ஒரு நொடி... இரண்டு நொடி...

டக். டக்டக். டக்டக்டக்டக்...

கடைசித் தாள் வெளியே வந்தபோது இரண்டுக்கு நாலு நிமிடம். தாள்கட்டை அடுக்கிக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். தாழ்வாரத்தில் ஈரத் தடம் மட்டும் இருந்தது. நன்றிகூடச் சொல்லவில்லையே...

நாளை காலைக்குள் விளக்கக் கடிதம் வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். எழுத உட்கார்ந்தாள். நடந்ததை நடந்தபடி எழுத ஒரு பக்கம் போதுமாக இருந்தது. மிச்ச நேரமெல்லாம் வேறொன்றை யோசித்தாள். நுழைவுப் பதிவேட்டில் அவன் ஃபோன் நம்பர் இருக்கும். நாளைக்குக் கூப்பிட்டு, மெஷின் மறுபடி மக்கர் பண்ணுது, கொஞ்சம் வரமுடியுமா என்று கேட்டால்...

ஐந்து மணிக்கு வாசலில் இன்னும் தூறல். அக்காவுக்குக் குடை பிடித்தபடி அவன் படியிறங்கிக்கொண்டிருந்தான். குடைக்கு வெளியே அவன் முக்கால்வாசி. அவள் கூப்பிட்டதும் திரும்பினான். அந்தக் கண்களை இப்போது நிதானமாகப் பார்த்தாள்.

"நீதானேம்மா அந்த ஜன்னல் பொண்ணு?" என்றாள் அக்கா. "வெளிய வந்து ரெண்டு நிமிஷம் ஆகல, உன் குரலைப் பத்தி நாலு தடவை சொல்லிட்டான்."

அவன் காது மடல் சிவந்தது. அக்கா சும்மா இரு என்று முணுமுணுத்தான்.

"உங்களைக் கூப்பிட ஒரு பொய் யோசிச்சு வச்சிருந்தேன்," என்றாள் அவள். "மெஷின் மறுபடி கெட்டுப்போச்சுன்னு. வேண்டாம்... மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் உங்களைத் திரும்பப் பார்க்கணும். நாளைக்கு வருவீங்களா?"

அவன் குடையை மறந்தான். அது மெல்லச் சாய்ந்து, அக்காவின் தோளில் நீர் சொட்டியது.

"வரேன்," என்றான். "நாளைக்கு மட்டும்னு சொல்லாதீங்க. தினமும் வரேன்."

அக்கா குடைக் கம்பியைத் தேடிப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நான் பரீட்சை நல்லா எழுதியிருக்கேன்," என்றாள், மழைப் பக்கம் முகத்தைத் திருப்பி. "யாரும் கேக்கல. சும்மா சொன்னேன்."