சுத்தமான கோடு

எந்திரத்தின் இரும்பு வளையம் காலியாக இருந்தது. உள்ளே காற்றுகூடக் கிடையாது. காலையிலிருந்து பம்புகள் உறிஞ்சி உறிஞ்சி ஒன்றுமில்லாமல் ஆக்கி வைத்திருந்தன. அப்படிப்பட்ட வெறுமைக்குள் அனுப்பிய ரேடியோ அலை எதிர்ச்சுவரில் மோதி நேரே திரும்ப வேண்டும். திரையில் ஒரே ஒரு கோடு விழ வேண்டும். இரண்டு விழுந்தன. இரண்டாவது கோடு அலை கிளம்பும் குழாய்க்கு வெகு அருகில் விழுந்தது, வாசலில் வந்து நிற்கிற ஆள் மாதிரி.

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே தள்ளி வைத்தாள். மணி ஒன்றரை. கட்டுப்பாட்டு அறையில் பாதி நாற்காலிகள் காலி.

அந்த இரண்டாவது கோட்டை அவளுக்கு மூன்று வாரமாகத் தெரியும். வளையத்துக்குள் பிளாஸ்மா, சூரியனைப் போலச் சூடேறிய வாயு, எரியும்போது அது கொதிக்கிற உலை போலப் புரளும். உள்ளே போன அலை சிதறும், வழி தவறும், அடர்த்தி மிகுந்த இடத்தில் முட்டித் திரும்பும். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதை வைத்துத்தான் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் வேலை. அதனால் அவளுக்குப் பெயரே ‘அலை’ என்றாகிவிட்டது. அந்தப் புரளலுக்கு நடுவே இந்தக் கோடு மட்டும் ஐந்து சின்ன மேடுகளாக வரும், சீராக, மறுபடி மறுபடி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே.

அவள் என்ன செய்தாள்? எல்லோரும் செய்வதைச் செய்தாள். ஒரு வடிகட்டி எழுதினாள். கொந்தளிப்புக்குத் தாளம் கிடையாது, தாளத்தோடு வருவது எதுவானாலும் பம்பு, விசிறி, மின்சாரம், தூக்கி எறி. திரையில் கோடு சுத்தமானது. அறிக்கையில் ‘கோடு சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

இன்று ஒரு சந்தேகத்தில் வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பழி போட பிளாஸ்மாகூட இல்லை. மேடுகள் மட்டும் இருந்தன.

குழாயின் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்க வேண்டும். வேறென்ன இருக்க முடியும்? பத்து நிமிட வேலை. யாரிடமாவது சொன்னால் அறிக்கையைத் தோண்டுவார்கள். வடிகட்டியைத் திரும்பப் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“எங்கடி?” என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி, வாயில் சோற்றோடு.

“சும்மா, கீழ வரைக்கும்.”

“நாலு மணிக்கு உன் பொண்ணக் கூப்பிடப் போகணும்னு சொன்னியே?”

“எந்திரம் ஓட்டறதுக்கு முன்னாடி, ரெண்டுக்கெல்லாம் வந்துடுவேன்.”

காலையில் பெண் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. ஆறு வயது. நீல மையால் அதில் ஒரு கடிகாரம் வரைந்து, முள்ளை நாலில் வைத்தாள். “இது நாலு காட்டறப்ப நான் வாசல்ல இருப்பேன்.” அது எப்போதும் நாலுதான் காட்டும் என்று குழந்தை கண்டுபிடித்துச் சிரித்தது.

வளையம் நிற்கும் ஹாலுக்குள் போகிற ஒவ்வொருவரும் வாசல் பலகையிலிருந்து ஒரு சாவி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் எந்திரம் கிளம்பாது. சட்டம் அவ்வளவு எளிது. ஆனால் வளையத்துக்கு அடியில் இருக்கிற கம்பிவலைக் கூண்டுக்குள் ஊர்ந்து போகும்போது சாவிக் கயிறு எங்காவது சிக்கும். அதனால் எல்லோரும் அதைக் கூண்டின் வெளிக்கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்கள். திரும்பும்போது பாதிப் பேர் மறந்தும் போவார்கள். அவளும் மாட்டினாள். காதடைப்புகளை அழுத்திக்கொண்டு, முழங்கையை ஊன்றி உள்ளே நகர்ந்தாள்.

சூடான எண்ணெயும் பழைய ரப்பரும் சேர்ந்த வாசனை. பம்புகளின் அதிர்வு காது வழியாக வராமல் பல் வழியாக வந்தது. தலைக்கு ஒரு சாண் மேலே வளையத்தின் வயிறு. டார்ச் வெளிச்சத்தில் அலைக்குழாய் செவ்வகமாக மேலேறி அந்த வயிற்றுக்குள் நுழைந்தது. அதன் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில், தடித்த கண்ணாடி ஜன்னல். அதற்குள் இருட்டு. அவள் இணைப்பைச் சோதித்தாள். நான்கு திருகுகளும் இறுக்கமாக இருந்தன.

இறுக்கமாக. அப்படியென்றால்?

அந்தக் கேள்வியோடு எவ்வளவு நேரம் மல்லாந்து கிடந்தாள் என்று தெரியவில்லை. ஒரு நிழல் கால்மாட்டைக் கடந்தது போலிருந்தது. திரும்பிப் பார்க்க இடமில்லை. பின்னோக்கி ஊர்ந்து கூண்டுக் கதவுக்கு வந்தபோது அது மூடியிருந்தது. தாழ்ப்பாள் வெளியே. கொக்கியில் சாவி இல்லை.

சாவி அண்ணன். எந்திரத்தின் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் ஹாலைச் சுற்றிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல மனிதர். யாராவது சாவியை மறந்துவிட்டுச் சாப்பிடப் போனால் மேலதிகாரியிடம் போட்டுக் கொடுக்க மாட்டார். தானே எடுத்துப் போய்ப் பலகையில் மாட்டிவிடுவார். குரலும் கொடுத்துப் பார்த்து, பதில் இல்லாமல் கூண்டைத் தாழிட்டிருப்பார். அவள்தான் காதை அடைத்துக்கொண்டு கிடந்தாள்.

அடைப்பைப் பிடுங்கி எறிந்தாள். அபாயச் சங்கு அலறிக்கொண்டிருந்தது. ஹாலின் கான்கிரீட் கதவு கடைசி ஒரு முழத்தை நகர்ந்து மூடுவதைக் கம்பிவலை வழியாகப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் சிவப்பு நிறுத்தப் பொத்தான். ஆறடி தூரம்.

“அண்ணே! அண்ணே, நான் உள்ள இருக்கேன்!”

பம்புகள் அவள் குரலைத் தின்றன. கேமரா வளையத்தைப் பார்க்கும். வளையத்தின் அடியைப் பார்க்காது. வலையை உதைத்தாள். ஸ்பேனரால் நெம்பினாள். நல்ல வலை. போன வருடம்தான் மாற்றினார்கள்.

கட்டுப்பாட்டு அறைப் பேச்சோடு ஒலிபெருக்கி கரகரத்தது. “பத்து நிமிஷம். சாவி?”

“எல்லாம் பலகையில இருக்கு. ஒரு பிரகஸ்பதி இன்னைக்கும் மறந்துட்டுப் போயிருந்தாங்க,” என்றது சாவி அண்ணனின் குரல். சிரிப்புச் சத்தம். ஓட்டம் நடக்கும்போது இந்த ஹாலில் உயிரோடு எதுவும் இருக்கக் கூடாது. பயிற்சி வகுப்பில் முதல் நாள் சொன்னது அது. ஏன் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

குழாய். அலைக்குழாய் இருக்கிறதே! அதைத் தட்டினால் அலை ஆடும். ஆடினால் மேலே திரையில் தெரியும். மறுபடி உள்ளே ஊர்ந்தாள். முழங்கை தோல் உரிந்தது. ஸ்பேனரால் தட்டினாள். இரண்டு. நிறுத்தம். மூன்று.

அந்தத் தட்டு வீட்டிலிருந்து வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் பெண் குளியலறையில் மாட்டிக்கொண்டு அழுதபோது கதவுக்கு வெளியே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. “பயப்படாதே கண்ணு. ரெண்டு தட்டு, நிறுத்து, மூணு தட்டு. நான் எங்க இருந்தாலும் வந்துடுவேன்.” வெளியே வந்த பிறகு மூக்கை உறிஞ்சியபடி குழந்தை கேட்டது: “நீ மாட்டிக்கிட்டா?” “நானும் தட்டறேன். நீ வருவியா?” “வருவேன்மா. எங்க இருந்தாலும் வருவேன்.”

இரண்டு. நிறுத்தம். மூன்று.

கை நின்றது. தாளம். தாளத்தோடு வருவது எதையும் வடிகட்டி தூக்கி எறிந்துவிடும். அவளே எழுதியது. மேலே கோடு சுத்தமாக இருக்கும்.

சரி, தாளமில்லாமல் தட்டினாள். கண்டபடி. ஒன்று, நான்கு, ஒன்று, வெறி பிடித்தவள் போல ஏழெட்டு. தட்டிக்கொண்டே அழுதாள். ஐயோ, பாருங்கடி. யாராவது பாருங்கடி.

“காந்தம்?”

“சரி.”

“வெற்றிடம்?”

“சரி.”

“அலை?”

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ சீட்ல இல்ல சார்,” என்றது பக்கத்து நாற்காலிக்காரியின் குரல். “நான் பாத்துக்கறேன். கோடு லேசா கன்னாபின்னான்னு ஆடுது. எங்கயோ திருகு லூசு போல. தாளம் எதுவும் இல்ல, வடிகட்டி சுத்தம்னுதான் சொல்லுது. ஓட்டம் முடிஞ்சு பாத்துக்கலாம். சரி.”

“ஆறு நிமிஷம்.”

ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. சங்கு நின்றது. காந்தச் சுருள்களில் மின்சாரம் ஏறும் முனகல் மட்டும், தரையிலிருந்து முதுகுக்குள். நாலு மணி. பள்ளி வாசல். அந்தச் சின்ன முகம் ஒவ்வொரு வண்டியாகப் பார்க்கும்.

அப்போது கேட்டது.

இரண்டு. நிறுத்தம். மூன்று.

அவள் தட்டவில்லை. கைகள் இரண்டும் மார்பின் மேல் இருந்தன.

மறுபடி. மேலே. தலைக்கு ஒரு சாண் மேலே. இரும்பில் இல்லை. கண்ணாடியில்.

திரையில் பார்த்த ஐந்து மேடுகள். இரண்டு, நடுவில் இடைவெளி, மூன்று. மூன்று வாரம். நாளுக்கு நாள் கிட்டே. அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பிவிட்ட பதிலை ஒவ்வொரு நாளும் அவளே அழித்திருக்கிறாள்.

“வேணாம்,” என்றாள். “கண்ணு, வேணாம். அம்மா கூப்பிடல. போயிடு.”

இரண்டு. நிறுத்தம். மூன்று.

டார்ச்சை எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். கை எடுத்தது.

காற்றே இல்லாத அந்த இருட்டுக்குள்ளிருந்து, கண்ணாடியின் உட்புறத்தில், ஒரு சின்ன உள்ளங்கை வெளுக்க வெளுக்க அழுந்தியிருந்தது. மணிக்கட்டில் நீல மையில் ஒரு கடிகாரம். அதில் மணி நாலு.