டிஎம்ஏ இல்லாத போர்டு

குடை லேப்டாப்புக்கு... அவள் மழையில்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில், டீக்கடையில் நின்ற ஜெபஸ்டினுக்குப் பொறுக்கவில்லை. ஓடைப் பாலத்துக்குப் போய்த் தன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தான். அவள் நிமிர்ந்தாள். இமைகளில் சாரல்... தான் நனைவதை அவன் மறந்தான்.

அவள் அச்சன்புதூர் ஷாரோன். ஓடையில் தண்ணீர் ஏறினால் கீழே அருவியில் குளிப்பவர்களுக்குச் சங்கு ஊதும் கருவி செய்துகொண்டிருந்தாள். போன சீசனில் திடீர் வெள்ளத்தில் அவள் தங்கை கம்பியைப் பிடித்துத்தான் தப்பினாள். எல்லாம் தயார். சென்சாரை இயக்கும் டிரைவர் மென்பொருள் மட்டும், கருவியின் சர்க்யூட் போர்டில் டிஎம்ஏ இல்லை என்று ஓட மறுத்தது. பிராசஸரைத் தொடாமல் தகவல் நேரே மெமரிக்குப் போகும் வழிக்கு அந்தப் பெயர். அவளுடைய மலிவான போர்டில் அது கிடையாது.

"இத எழுதுன ஆளு மழையே பாத்திருக்க மாட்டான்," என்றாள்.

"தென்காசிக்காரன்தான்... நாந்தான் எழுதுனேன்."

டிஎம்ஏ இல்லாவிட்டால் பிராசஸரே ஒவ்வொன்றாகச் சுமக்கவேண்டும், தகவல் தவறிப்போகும், அதனால்தான் தடுத்தேன் என்றான்.

"விநாடிக்கு ஒரு எண்ணு. அதச் சுமக்க முடியாதா? மெதுவாவாச்சும் ஓடணும்லா?"

"திருத்தி அனுப்புங்க, பாக்கேன்."

அனுப்பினாள். டிரைவர் எழுதுபவர்கள் எல்லோரும் படிக்கும் மெயிலில் ஒரே வரியில் மறுத்தான். திருத்தத்தை அவன் பொது மென்பொருளில் சேர்த்தால்தான் மற்ற அருவிகளில் வைக்கும் போர்டுகளும் அப்டேட்டுக்குப் பிறகு ஓடும். ஷாரோன் அழவில்லை. தன் திருத்தத்தைப் போட்டு எட்டு நாள் போர்டை ஓடைக்கரையில் ஓடவிட்டாள். காலையும் மாலையும் பஸ் ஏறி வந்து பார்த்தாள். ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான அளவுகள்... ஒன்றுகூடத் தவறவில்லை. அத்தனையும் அவனுக்கு அனுப்பினாள்.

மறுநாள் மாலை அவள் வந்தபோது அவன் பாலத்தில் நின்றிருந்தான். திருத்தத்தைச் சேர்த்துவிட்டான். சோதிக்காமல் மறுத்தது தன் தவறென்று அதே மெயிலில், எல்லோருக்கும் எழுதியும் விட்டான்.

"தப்ப ஒத்துக்கிட எட்டு நாளாச்சு. இன்னொன்னயும் அப்படி இழுக்க வேண்டாம்னு வந்தேன்... ஒங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, ஷாரோன்."

"கோவம் இன்னும் போகல," என்றாள். பிறகு அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"ஆனாலும்... எனக்கும் பிடிச்சிருக்கு."