ரேடியோவின் குரலுக்குப் பின்னால்

ஒரு சின்ன வீடியோவுக்காக மூன்று பேரும் இரண்டு வாரமாக முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

இசை டீச்சர் வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு இசையமைப்பாளரைக் கொடுத்திருந்தார். அவருடைய கதையை வீடியோவாக எடுத்துத் திங்கட்கிழமை வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். இவர்களுக்குக் கிடைத்தவர் ஹைடன். இருநூறு வருடங்களுக்கு முன்பு வாழ்ந்தவர். படத்தில் தலை நிறைய வெள்ளை டோப்பாவோடு இருந்தார்.

குழுவில் ஒருவன் தலைவர். குழுவுக்குத் தலைவர் வேண்டும் என்று அவனே சொல்லி, அவனே ஒப்புக்கொண்டதால் அந்தப் பெயர். இன்னொருவன் ரேடியோ. வாயைத் திறந்தால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். மூன்றாவது ஆள் குருவி. உருவத்தில் சின்னவள் என்றாலும் வேலை அவளுக்குத்தான் அதிகம். அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லேப்டாப்பில் படங்களையும் குரலையும் ஒன்றாகச் சேர்ப்பவள் அவள்தான்.

சனிக்கிழமை மதியம் ரேடியோ தன் வீட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். குருவி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.

“ஹைடனின் அப்பா வண்டிச் சக்கரம் செய்பவர். ஆறு வயதிலேயே ஹைடன் பெற்றோரைப் பிரிந்து வேறொரு ஊருக்குப் போனார்.”

அந்த இடத்தில் ரேடியோ மூச்சு வாங்கிக்கொண்டான். அந்த இடைவெளியில் வேறு யாரோ பேசுவது கேட்டது. ஏதோ இரைச்சல் என்று நினைத்து, குருவி ஒலியைக் கூட்டினாள்.

“எனக்கு மாற்றல் வந்திருக்குன்னு இவன்கிட்ட எப்படிங்க சொல்றது? அடுத்த மாசம் கிளம்பியாகணுமே.”

அது ரேடியோவின் அம்மா. மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவர்.

“இந்த வீடியோ வேலை முடியட்டும். அதுவரைக்குமாவது சந்தோஷமா இருக்கட்டும்,” என்றது அவன் அப்பாவின் குரல்.

குருவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தப்பாகக் கேட்டிருப்போமோ என்று திரும்பப் போட்டாள். அதே வார்த்தைகள்தான் வந்தன. இன்னொரு முறை போட்டாள்.

ரேடியோ ஊரை விட்டுப் போகப்போகிறான். அது அவனுக்கே தெரியாது.

அப்போது பார்த்துத் தலைவர் போன் செய்தான். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று அதட்டலாகக் கேட்டான். ஒரு இடத்தை மட்டும் மறுபடி பேசச் சொல்லலாமா என்று குருவி மெதுவாக ஆரம்பித்தாள். குரல் தங்கம் மாதிரி வந்திருக்கிறது, அதில் கை வைக்காதே என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

அடுத்து ரேடியோவே கூப்பிட்டு, தன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்று குருவி அவசரமாகச் சொன்னாள். சாப்பிடப் போகவேண்டும் என்று பொய் சொல்லிப் போனை வைத்தாள்.

அந்தப் பேச்சை மட்டும் வெட்டி எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. ரேடியோ அடுத்த வரியைத் தொடங்கிய பிறகும் பின்னால் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். இதை அப்படியே வகுப்பில் போட்டால் எல்லோருக்கும் கேட்கும். மறுபடி பேசு என்று ரேடியோவிடம் சொன்னால், ஏன் என்று துருவுவான். தானே உண்மையைச் சொல்லிவிடலாமா? போனை எடுத்தவள், எண்ணை அழுத்தாமலே கீழே வைத்தாள்.

மறுநாள் காலை, ரேடியோ விளையாடப் போயிருக்கும் நேரம் பார்த்து, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா கதவைத் திறந்தார்.

“ஆன்ட்டி, இதை நீங்க மட்டும் கேக்கணும்,” என்று ஹெட்போனை நீட்டினாள்.

கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறிப்போனது. நின்றவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“வேற யார் கேட்டாங்க?”

“நான் மட்டும்தான். அவன்கிட்ட நான் சொல்லல ஆன்ட்டி. அது நீங்க சொல்ல வேண்டியதுதானே?”

அவர் குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார்.

மாலையில் ரேடியோ குருவியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“நேத்து நான் போன் பண்ணப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

கத்தப்போகிறான் என்று குருவி காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. செருப்பின் வாரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், அந்த இடத்தை மறுபடி பேசவேண்டுமா என்று கேட்டான். அவனால் முடியாவிட்டால் தானே பேசிவிடுவதாகக் குருவி சொன்னாள்.

“உன் குரல்லயா? ஹைடன் பாவம்,” என்றான் ரேடியோ.

உட்கார்ந்து பேசினான். ‘வேறொரு ஊருக்குப் போனார்’ என்ற இடத்தில் அவன் குரல் லேசாக உடைந்தது. இன்னொரு தடவை பேசட்டுமா என்று கேட்டான். குருவி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை வகுப்பில் வீடியோ ஓடியது. அந்த வரி வந்தபோது, பின் பெஞ்சில் எப்போதும் சலசலக்கிறவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். இவ்வளவு உருக்கமாகப் பேச எங்கே கற்றுக்கொண்டாய் என்று டீச்சர் வியந்துபோய்க் கேட்டார்.

“வீட்லதான் டீச்சர்,” என்றான் ரேடியோ.

இடைவேளையில் அவனே தலைவரைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னான். தலைவர் நம்பவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று குருவியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விசும்பத் தொடங்கிவிட்டான். எல்லோரையும் விரட்டி வேலை வாங்கும் தலைவர் அழுவான் என்று மற்ற இருவரும் கனவில்கூட நினைத்ததில்லை. திகைத்துப்போய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஊரை விட்டுப் போகிறவனே பக்கத்தில் உட்கார்ந்து, தலைவரின் தோளில் கை போட்டான்.

“இன்னும் ஒரு மாசம் இருக்குடா. அதுக்குள்ள இன்னொரு வீடியோ எடுத்துடலாம்.”

தலைவர் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“சரி. ஆனா அதுக்கும் நான்தான் தலைவர்.”

மற்ற இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.