எடை இருக்கிற இடம்

மின்விசிறியை நிறுத்திய பிறகும் கொடியில் கிடந்த துணிகள் நேராகத் தொங்கவில்லை.

மழை என்பதால் அம்மா அவற்றை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டிருந்தாள். சன்னல்கள் சாத்தியிருந்தன, ஈரத்துணியின் புழுங்கல் வாடையும் வாசலில் கவிழ்த்து வைத்த மீன்கூடையின் கவிச்சியும் அசையாமல் நின்றன. ஆனாலும் அண்ணனின் சட்டை, அம்மாவின் புடவை, வினோதாவின் துப்பட்டா எல்லாமே கீழ்நுனி இழுபட்டு, பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த காலி மூலையை நோக்கிச் சாய்ந்திருந்தன.

காலையிலேயே வினோதா அதை அண்ணன் விமல்ராஜிடம் காட்டினாள். அவன் சிரித்தான்.

"எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவ பேசற பேச்சா இது? முதலியார்பேட்டையில எந்த வீடு நேரா இருக்குது? சொவுரு சாஞ்சிருக்கும், போடி."

சுவர் சாய்ந்தால் துணி சாயாது என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவன் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

மத்தியானம் ஹரிகிருஷ்ணன் சார் போன் செய்தார். லாஸ்பேட்டையில் கல்லூரி ஆசிரியர். அவர் நடத்தும் வானியல் கண்காட்சிக்காக, ஒரு விண்மீன் மண்டலத்தில் எத்தனை நட்சத்திரங்கள் இருக்கும் என்று வினோதா கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். மண்டலம் சுழலும் வேகத்திலிருந்து அதன் மொத்த எடை கிடைக்கும். அதில் நட்சத்திரங்களின் பங்கை மட்டும் எடுத்து, ஒரு நட்சத்திரத்தின் சராசரி எடையால் வகுக்க வேண்டும்.

"இன்னாம்மா, வகுத்துட்டியா?"

"சார், உள்ள இருக்கற நட்சத்திரமும் ஓரத்துல இருக்கறதும் ஒரே வேகத்துல சுத்துது. அப்டி இழுக்க அங்க தெரியற நட்சத்திரங்களோட எடை பத்தாது. எடையில பெரும்பங்கு நட்சத்திரமே இல்ல சார், கண்ணுக்குத் தெரியாத வேற ஏதோ. அதக் கழிச்சாதான்..."

"ஸ்கூல் புள்ளைங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குதுன்னு போர்டுல எழுதினா, பேய்க் கதைன்னு சிரிப்பாங்க. மொத்தத்தையும் வகுத்துப் போடு. கீழ உன் பேரு வருதுல்ல, அப்புறம் இன்னா?"

"சரி சார்."

அந்தச் சரி மீன்முள்ளைப் போல் தொண்டையில் குத்தி நின்றது. யார் என்ன சொன்னாலும் அவள் வாயில் வருவது அது ஒன்றுதான். காதுவரை சூடு ஏறியது. அவர்மேல், அண்ணன்மேல், எல்லாரையும்விடத் தன்மேல். மடிக்கணினியை ஓங்கி மூடினாள்.

அந்தச் சத்தம் அடங்கியதும் ஈக்களின் ரீங்காரம் கேட்டது.

மீன் விற்கிறவர்கள் வீட்டில் ஈ புதிதல்ல. ஆனால் இவை கூடையை மொய்க்கவில்லை. காலி மூலையில், இடுப்பளவு உயரத்தில், வட்டம் வட்டமாகச் சுற்றின. நடுவில் ஒன்றுகூட நுழையவில்லை. உள்வட்டத்து ஈயும் வெளிவட்டத்து ஈயும் ஒரே வேகம்.

அவளுடைய கணக்கில் நட்சத்திரங்கள் சுற்றியதைப் போலவே.

எழுந்து நின்றாள். வட்டம் நகர்ந்தது. பீரோவைத் தாண்டியது. கொடியில் துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சட்டை. புடவை. துப்பட்டா.

இப்போது அவை உள்ளறையை நோக்கிச் சாய்ந்தன.

விடியுமுன் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, விற்று முடித்து வந்த அம்மா அங்கம்மாள் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வினோதா ஓடினாள். கதவருகில் கால் நின்றுவிட்டது.

கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது. ஆள் உட்கார்ந்த பள்ளம். பிறகு அது நீண்டது. ஆள் படுத்த பள்ளம்.

ஆள் இல்லை. எடை இருந்தது.

அம்மா என்று கத்த வாயைத் திறந்தாள். முள் குத்தியது. காலையில் வராத குரல். போனில் வராத குரல். இப்போதாவது. இப்போதாவது.

வரவில்லை.

அங்கம்மாள் கண் திறக்காமலே சுவரோரம் ஒதுங்கி இடம் விட்டாள்.

"வேல முடிஞ்சிதா பாப்பா? இன்னா இப்டி சில்லுனு இருக்குற. வா, கிட்ட படு."

ஈக்களின் வட்டம் விரிந்தது. அம்மாவையும் சேர்த்துச் சுற்றியது.

அம்மாவின் கை நீண்டது. மெத்தையில் படவில்லை. ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் படிந்து, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் மெதுவாகத் தட்டத் தொடங்கியது.

ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் கேட்டது. ஈரமான தோலில் உள்ளங்கை படும் சத்தம்.