முதல் டம்ளர் பால்

ஹபீபாவின் அலறலில் விழாப் பந்தலே எழுந்து நின்றது.

ஆடு செத்துக் கிடந்தது.

அவள் வளர்த்த ஆடு. சற்று முன்புவரை தோரணத்து மாவிலையை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. இப்போது சாக்கடையோரம் நாலு காலும் விறைத்து... வாயில் நுரை.

அதன் மூக்கில் இன்னும் பால் ஒட்டியிருந்தது.

அந்தப் பாலைக் கொட்டியவள் ருக்கு.

அந்த வெள்ளி டம்ளர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"மாமி..." ஷ்யாமளாவின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. "நான் குடிக்கற டம்ளர்ல என்ன கலந்தேள்?"

அது 1945. பம்பாய்த் தாராவியில், பக்கத்து மாட்டுங்காவின் மாதர் சேவைக் குழு நடத்திய பால் நிலையத்துக்கு அன்று முதல் ஆண்டு விழா. ரேஷன் காலம். டின்னில் வரும் பால் மாவைக் கரைத்துக் காய்ச்சி, தோல் கிடங்குத் தொழிலாளிகளின் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். சீமை மாவு பிள்ளைக்கு ஆகாது என்று தாய்மார்கள் ஒதுங்கியபோது, குழுவில் புதிதாகச் சேர்ந்த ஷ்யாமளா எல்லோர் முன்னாலும் முதல் டம்ளரைத் தானே குடித்துக் காட்டினாள். அன்று முதல் தினமும் அதுவே வழக்கம்.

தாராவிக்கு அவள் 'பாலம்மா' ஆனாள்.

ருக்குவுக்கு வயிறு எரிந்தது.

குழு தொடங்கிய நாளிலிருந்து காரியதரிசி அவள். லேபர் கேம்ப் குடிசைகளில் தையல் வகுப்பு வைத்தவள் அவள். மழையில் முழங்கால் சேற்றில் இறங்கிக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தவளும் அவள்தான். அவளுக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்? முலாம் பட்டறை மகாதேவனின் பெண்டாட்டி, நேற்று வந்தவள், ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு ஊருக்கே அம்மா!

இன்று தலைவி அபயாம்பாள் பதவியை விட்டு இறங்குகிறாள். அடுத்த தலைவியின் பெயரை மேடையில் சொல்லப் போகிறாள்.

ஷ்யாமளாதான். வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த எரிச்சலில்தான் ருக்கு அந்தக் காரியத்தைச் செய்தாள்.

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஜெயினுலாப்தீன் திருநெல்வேலிக்காரர். ஆட்டைப் பார்த்தார். டம்ளரை முகர்ந்தார். துணியில் சுற்றிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார்.

"தட்டுல டம்ளரைக் கொண்டாந்து வச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் ஷ்யாமளா. கண்ணில் நீர். "மூடி போட்டு வச்சுட்டு வாசலுக்குப் போனேன். அப்போ தட்டு கிட்டக்க மாமி மட்டுந்தான் தனியா நின்னுண்டிருந்தா."

"பெறவு நீங்க ஏன் குடிக்கல?"

"ஆண்டு விழா நாள்ல பெரியவா குடிக்கட்டுமேன்னு மாமி கையிலேயே கொடுத்தேன். அந்த நிமிஷம் தோணித்து, கொடுத்துட்டேன். மூடியைத் திறந்தா மாமி மூஞ்சி வெளுத்துடுத்து. திரிஞ்சு போச்சுன்னு சொல்லி வெளியில கொட்டிட்டா. தான் வச்ச விஷத்தைத் தானே குடிப்பாளா?"

கூட்டம் முணுமுணுத்தது.

ஜெயினுலாப்தீன் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

ருக்கு சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும்.

"எலுமிச்சம்பழம்" என்றாள்.

"என்னது?"

"அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். அவ்வளவுதான். போட்டோ எடுக்கறச்சே திரிஞ்ச பாலைக் குடிச்சு அவ மூஞ்சி கோணட்டும்னு... நேக்குப் பொறாமை. வேறொண்ணும் போடலை. சத்தியமா போடலை."

அபயாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ருக்கு! இந்த வயசுல இது தேவையாடி?"

"பொய்!" என்றாள் ஷ்யாமளா.

"பொய் மாதிரித் தெரியலையே" என்றார் ஜெயினுலாப்தீன். "விஷம் வைக்கிறவங்க பால் நல்லா இருக்கணும்னுதான் பாப்பாங்க. திரிஞ்ச பாலை எவ குடிப்பா? விஷம் வச்ச கை வேற, பழம் பிழிஞ்ச கை வேற."

ருக்குவுக்கு மூச்சு வந்தது.

ஜெயினுலாப்தீன் போட்டோக்காரர் அபுதாஹிரைக் கைகாட்டி அழைத்தார். "உங்ககிட்ட எதை எடுக்கச் சொன்னாங்க?"

"மாமி பால் குடிக்கிறதை, சாப்."

"எந்த மாமி?"

"ருக்கு மாமி. காலையிலயே ஷ்யாமளாம்மா சொல்லிட்டாங்க. 'மாமி வாயில டம்ளர் வைக்கிறப்ப கரெக்டா எடுங்க'ன்னு."

பந்தலே ஷ்யாமளா பக்கம் திரும்பியது.

"அந்த நிமிஷம் தோணிச்சுன்னீங்களே?" ஜெயினுலாப்தீன் ஷ்யாமளாவின் அருகே போனார். "தினமும் நீங்க குடிக்கிற டம்ளர். அதுல மாமி செத்திருந்தா, 'எனக்கு வச்ச விஷம், பாவம் மாமி குடிச்சுட்டா'ன்னு நீங்க அழுதிருப்பீங்க. ஊரும் சேர்ந்து அழுதிருக்கும். கைப்பையைக் குடுங்க."

ஷ்யாமளா பையை மார்போடு அணைத்தாள்.

கான்ஸ்டபிள் வாங்கினான். உள்ளே மடித்த காகிதம். அதில் ஒட்டிய வெள்ளைத் தூள்.

"சயனைடு" என்றார் ஜெயினுலாப்தீன். "முலாம் பட்டறையில வைக்கிற சரக்கு. இது பொட்டு உள்ள போனாலும் போதும்."

ருக்கு ஷ்யாமளாவின் முன்னால் போய் நின்றாள். "நான் உனக்கு என்னடி பண்ணினேன்? எல்லாம் உனக்குத்தானே கிடைச்சுது?"

ஷ்யாமளாவின் கண்ணீர் நின்றுவிட்டது. இப்போது அந்தக் கண்ணில் வேறொன்று இருந்தது. ருக்கு அதைத் தினமும் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"எது கிடைச்சுது? தினம் தினம் நான் பாலைக் குடிச்சுக் காட்டறேன். ஆனா குழந்தைக்கு ஜுரம்னா ருக்கு மாமி, புருஷன் அடிச்சா ருக்கு மாமி. போன வாரம் அபயாம்பாள் மாமி என்னைக் கூப்பிட்டா. நேக்குத்தான் பதவின்னு ஓடினேன். 'ருக்குதான் அடுத்த தலைவி, நீ அவளுக்கு ஒத்தாசையா இரு'ன்னா. ஒத்தாசை!"

ருக்கு அபயாம்பாளைப் பார்த்தாள்.

"மேடையில சொல்லி உன்னை அசத்தணும்னு நினைச்சேன்டி" என்றாள் கிழவி.

அந்த அரை மூடிப் பழத்துக்கு அவசியமே இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் இந்நேரம் ஆடு பிழைத்திருக்கும், ருக்கு பிழைத்திருக்க மாட்டாள்.

ஷ்யாமளாவை ஏற்றிக்கொண்டு போலீஸ் வண்டி போனது. தாய்மார்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு கலைய ஆரம்பித்தார்கள்.

"விஷப் பாலுளா... வாங்கட்டி போவோம்."

ஒரு வருஷ உழைப்பு கண்முன்னே நடந்து போய்க்கொண்டிருந்தது.

ருக்கு அண்டாவைக் கவிழ்க்கச் சொன்னாள். புது டின்னை எல்லோரும் பார்க்க உடைத்தாள். தானே கரைத்தாள், தானே காய்ச்சினாள். தகர டம்ளரில் ஊற்றி வாயருகே கொண்டுபோனாள்.

இந்த டின்னில் ஒன்றும் இல்லை என்று யாருக்குத் தெரியும்?

குடித்தாள். கடைசிச் சொட்டு வரை.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

ஹபீபாதான் முதலில் வந்தாள். அழுத கண்ணோடு, இடுப்பிலிருந்த மகனை இறக்கிவிட்டாள்.

"இவனுக்கு ஊத்துங்கம்மா. எங்க மாமி குடுத்தா நான் ஏன் பயப்படணும்?"

வரிசை மறுபடி கூடியது.

அபயாம்பாள் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "புத்தி கெட்ட காரியம்தான் பண்ணினே. ஆனாலும் நீதான்டி தலைவி. சம்மதமா?"

ருக்கு கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"சம்மதம் மாமி. ஆனா ஒத்தாசைக்குன்னு யாரையும் போட்டுடாதீங்கோ."