பதினோரு மணிக்கு மஃரிப்

பகல் பதினோரு மணிக்கே திரை சிவந்துவிட்டது.

ஆரிஃபா வீட்டிலிருந்தபடி கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவள். பொழுது சாய்ந்ததும் கண்ணுக்கு இதமாகத் திரை மஞ்சளாகும்படி, லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு நிரலைப் போட்டுக் கொடுத்திருந்தான் அவள் கணவன் மன்சூர். ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒரு கோப்பில் எழுதினால் போதும், அங்கே சூரியன் மறையும் நேரத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். அவள் திருச்சியை எழுதவில்லை. மன்சூர் வேலை பார்க்கும் ஷார்ஜாவை எழுதினாள். திரை மஞ்சளானால் அங்கே மஃரிப், அந்தித் தொழுகை நேரம். அவன் அறைக்கு வந்திருப்பான், பேசலாம். பைத்தியக்கார ஆசைதான். ஆனால் துபாய்க்காரன் பெண்டாட்டிக்கு உள்ளூர்ச் சூரியனால் என்ன பிரயோஜனம்?

கோப்பைத் திறந்தாள். எண்கள் மாறியிருந்தன. வரைபடத்தில் தேடினால், அது அரபிக்கடலின் நடு. அழித்து ஷார்ஜாவை எழுதிச் சேமித்து, மறுபடி திறந்தாள். இப்போது மங்களூர்க் கரை.

மங்களூரிலும் இந்நேரம் வெயில்தானே கொளுத்தும்? இந்த நிரல் யாருடைய இருட்டைக் கணக்கிடுகிறது?

மன்சூர் போனை எடுக்கவில்லை. அறைத்தோழன் அப்துல் அஹதுக்கு அடித்தாள்.

"விடியக்காலமே ஊருக்குப் போறேன்னு கிளம்பிட்டாரே லாத்தா," என்றான் அவன். பிறகு தயங்கி, "பாஸ்போர்ட்டு, செருப்பு எல்லாம் இங்கதான் கிடக்கு. அதான் எனக்கும் ஒண்ணும் புரியல."

"ரப்பே, அவருக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது," என்று முணுமுணுத்தபடி திரும்பினாள். பக்கத்து வீட்டு மிக்சியும், சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஹாரனும், தலைக்கு மேல் முனகிக்கொண்டிருந்த ஃபேனும் ஒவ்வொன்றாக அடங்க, அறைக்குள் அவனுடைய அத்தர் மணத்தது. அதற்கடியில், புதிதாகத் தோண்டிய புதைகுழி மண்ணின் வாடை. திரை ரத்தமாய்ச் சிவந்தது.

கோப்பைத் திறந்தாள்.

10.80. 78.69.

அவள் வீடு.

கதவு தட்டும் சத்தம்.

"ஆரிஃபா." அவன் குரல்தான். "கதவைத் திறம்மா. ஒரே இருட்டா இருக்கு. லைட்டைப் போடு."

உச்சி வெயில். கதவடியில் அது வெள்ளைக் கீற்றாகக் கிடந்தது. மஞ்சளானது. சிவந்தது. அணைந்தது.

"வந்துட்டேங்க," என்றாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்திருப்பது மன்சூர். கை தாழ்ப்பாளை இழுத்தது.

கதவிடுக்கிலிருந்து இருட்டு வழிந்து அவள் கால்விரல்களின் மேல் ஏறியது.

அதே மண்ணைப் போல ஈரமாக இருந்தது.